கிளைவாரிச் சரக்குப் பண்புகள், தேடுபொறி அடைவில்

பல கிளைக்கடைகளை உடைய ஒரு வியாபார ஸ்தாபனம் விற்கும் சரக்கைப் பற்றிய செய்திகளில், பெயர், எடை, நிறம், உற்பத்தி செய்தவர் முதலியன எக்கிளையிலும் மாறாதிருக்க, விலை, கையிருப்பு, தள்ளுபடி, வைக்கப்பட்டுள்ள அடுக்கு முதலியன கிளைக்குக் கிளை வேறுபடுகின்றன. இப்பின்னவை சரக்குக்கு மட்டும் உரியனவும் அல்ல, கடைக்கு மட்டும் உரியனவும் அல்ல. அவ்விரண்டும் சேருமிடத்தில் பிறப்பவை. அவற்றைத் தேடுபொறியின் அடைவில் எவ்விடத்தில் வைத்தால், ஒரு குறித்த கிளையின் விலையைக் கொண்டு விடைகளை வடிகட்டவும், வரிசைப்படுத்தவும், அவ்விலையையே எடுத்துக் காட்டவும் இயலும் என்பதே இத்தலைப்பில் அடங்கும் விஷயம். இதற்குத் தோன்றிய உபாயங்கள் பல. அவற்றுள் எதுவும் மற்றதை ஒழித்துவிடவில்லை.

விலைச்சீட்டைச் சரக்கின் மேலேயே ஒட்டி விற்ற காலத்தில் இப்பிரச்சினைக்கு இடமே இல்லை. 1974 ஜூன் 26 அன்று, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டிராய் நகரில், மார்ஷ் பேரங்காடியில் ரிக்லி ஸ்தாபனத்தின் ஜூஸி ஃப்ரூட் சூயிங்கம் பார்கோடு கொண்டு விற்கப்பட்டபோது, அக்கோடுகளில் அடங்கியிருந்தது சரக்கின் அடையாள எண் மட்டுமே. அதன் விலையோ கடையின் கணிப்பொறிக் கோப்பில் இருந்தது. சரக்கின் அடையாளமும் கடையின் விலையும் இவ்வாறு பிரிந்தன. பிரிந்தவற்றை மீண்டும் பொருத்தும் வழியை, ஐ.பி.எம். ஸ்தாபனத்தின் எட்கர் காட் 1970லேயே தம் உறவுமுறைத் தரவுத்தளக் கொள்கையால் காட்டியிருந்தார்: சரக்கு எண், கடை எண், விலை என மூன்று நெடுவரிசைகள் கொண்ட அட்டவணை ஒன்று போதும், விலை மாறினால் ஒரு வரியைத் திருத்தினால் தீர்ந்தது.

தேடுபொறியின் அடைவு வேறொரு வம்சத்தைச் சேர்ந்தது. 13ஆம் நூற்றாண்டில் பாரிஸில் டொமினிக்கன் துறவியான ஹியூ, விவிலியத்துக்குத் தொகுத்த சொல்லடைவையும், 1960களில் அமெரிக்காவில் ஜெரார்டு சால்ட்டனும் அவர் மாணவரும் அமைத்த ஸ்மார்ட் முறையையும் அதன் மூதாதையராகச் சொல்லலாம். சொல்லைக் கொடுத்தால் அது வரும் ஆவணங்களைத் தருவது அதன் தர்மம். ஆவணம் என்பது தன்னளவில் பூரணமானது, வேறொன்றின் துணையை வேண்டாதது என்பது அதன் அடிப்படை அநுமானம். டக் கட்டிங் 1999இல் எழுதிய லூசீன் என்னும் தேடல் மென்பொருள் நூலகமும் இந்த அநுமானத்தின் மீதே எழுந்தது. மேலும் லூசீன், அடைவைத் துண்டங்களாக எழுதி, எழுதிய துண்டத்தை மாற்றுவதில்லை என்ற விரதத்தை மேற்கொண்டது. ஆகவே ஓர் ஆவணத்தில் ஓர் எண் மாறினாலும், பழைய ஆவணத்தை நீக்கப்பட்டதெனக் குறித்து, முழு ஆவணத்தையும் புதிதாக எழுதவேண்டும். முகூர்த்த நேரம் மாறியதற்காகக் கல்யாணப் பத்திரிகை முழுவதையும் மறுபடி அச்சடிப்பது போன்றது இது. தேடல் வேகமாக நடப்பதற்கும், பகலில் பலமுறை மாறும் கையிருப்புக்கு இந்த அடைவு ஒத்துவராததற்கும் இந்த விரதமே காரணம்.

2004இல் சி-நெட் ஸ்தாபனத்தில் யானிக் சீலி தொடங்கி, 2006இல் அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்ட ஸோலர், லூசீனை நேரே கையாளத் தெரியாதவர்களுக்கும் தேடுபொறியை எட்டச் செய்தது. பெயரின் முதலையோ முடிவையோ கொண்டே, ஆவணத்தின் ஒரு கூறான புலத்தின் வகையை நிர்ணயிக்கும் இயங்குபுலம் என்ற வசதி அதில் இருந்தமையால், கிளைக்கு ஒரு புலமாக, விலை_101, விலை_102 என்று ஒரே சரக்கின் ஆவணத்தில் அடுக்கிக்கொண்டே போவது எளிதாயிற்று. முதலில் எவருக்கும் தோன்றும் உபாயம் இதுவே. கிளைகள் பத்து இருபதாக இருக்கும் வரையில் இதைவிடச் சிறந்தது வேறில்லை என்பதும் என் அபிப்பிராயம். கிளைகள் பெருகும்போதுதான் தொல்லை. அக்காலத்து லூசீன், ஒரு புலத்தால் வரிசைப்படுத்த, அடைவிலுள்ள ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஓர் எண்ணாக நினைவகத்தில் ஒரு பட்டியலை ஏற்றியது. 5 லட்சம் சரக்குகளும் 1,000 கிளைகளும் இருந்து, எல்லாக் கிளைகளின் வாடிக்கையாளரும் விலைவாரியாக வரிசை கேட்பாராயின், எண்ணுக்கு 4 பைட்டு வீதம் 200 கோடி பைட்டு அதற்கே செலவாகும். ஷாய் பேனன் 2010இல் வெளியிட்ட எலாஸ்டிக்சர்ச் என்னும் தேடுபொறி, இத்தகைய புலப்பெருக்கத்துக்கு அஞ்சியே தன் 5.0 பதிப்பிலிருந்து ஓர் அடைவில் 1,000 புலங்கள் என்ற எல்லையை வழக்கமாக வைத்தது.

இதற்கு நேர் எதிரான உபாயம், சரக்கும் கிளையும் சேர்ந்த ஒவ்வொரு ஜோடிக்கும் தனி ஆவணம் எழுதுவது. வினவல் எளிது, விலை மாறினால் சிறிய ஆவணம் ஒன்றே மாறும். ஆனால் சரக்கின் பெயரும் வருணனையும் ஆயிரம் முறை பிரதி செய்யப்படுகின்றன. மேற்சொன்ன கணக்கில் ஆவணங்கள் 50 கோடியாகும். ஒரு லூசீன் அடைவு ஏற்கக்கூடிய ஆவணங்களின் உச்சவரம்பு சுமார் 214 கோடி என்பதை எண்ணினால், இது கால்பங்கை நெருங்குவதைக் காணலாம்.

நடுவழி ஒன்றும் முயலப்பட்டது. கடை எண்களை ஒரு பட்டியலாகவும் விலைகளை மற்றொரு பட்டியலாகவும் ஒரே ஆவணத்தில் வைத்தோர், விரைவிலேயே ஒரு விபரீதத்தைக் கண்டனர். 7ஆம் கடையில் ரூ. 90, 12ஆம் கடையில் ரூ. 60 என்றிருக்கும் சரக்கு, 7ஆம் கடையில் 70 ரூபாய்க்குக் கீழ் உள்ளவற்றைக் கேட்டவருக்கும் விடையாக வந்து நின்றது. ஏனெனில் எந்த விலை எந்தக் கடையினது என்ற சம்பந்தத்தை அடைவு மறந்துவிட்டது. அச்சம்பந்தத்தைக் காப்பதற்காகவே எலாஸ்டிக்சர்ச்சின் உட்பொதி வகையும், 2013இல் ஸோலர் 4.5 பதிப்பில் வந்த தாய்-சேய்த் தொகுதி இணைப்பும் அமைந்தன. இவற்றில் சரக்கு தாய் ஆவணம், கிளைவாரிச் செய்திகள் சேய் ஆவணங்கள். யாவும் அடைவில் அடுத்தடுத்து எழுதப்படுவதால் இணைப்பு விரைவில் நடக்கிறது. அந்த அண்மையே விலங்காகவும் ஆயிற்று: சேய் ஒன்று மாறினால் குடும்பம் முழுவதையும் திரும்ப எழுதவேண்டும்.

லூசீனின் விரதம் சிறிது தளர்ந்ததும் 2013லேதான். ஆவணவாரியாக அன்றி நெடுவரிசையாக மதிப்புகளைச் சேமிக்கும் டாக்வேல்யூஸ் அமைப்பில், எண்ணை மட்டும் இருந்த இடத்திலேயே புதுப்பிக்க 4.6 பதிப்பு வழிவிட்டது. ஸோலர் அதை 2017இல், 6.5 பதிப்பில் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டின் 6.6 பதிப்பில் பேலோடு முறையும் வினவலுக்கு எளிதாக எட்டியது. கடை எண்ணையே ஒரு சொல்லாகப் பாவித்து, அச்சொல்லின் முதுகில் விலையைச் சுமத்தி ஒரே புலத்தில் எல்லாக் கிளைகளையும் அடக்கும் இம்முறை, தேடுபொறியின் இயல்புக்கு மிகவும் இசைந்தது என்று கருதுகிறேன். சொல்லைத் தேடுவதுதானே அதன் பிறவித்தொழில். அழகு இருப்பினும், எந்த விலை வரம்பில் எத்தனை விடைகள் என்று காட்டும் முகப்பு எண்ணிக்கைகள் எடுப்பது இதில் சங்கடமானது; விலை மாறினால் முழு ஆவணத்தையும் எழுதும் பழைய கஷ்டமும் நீங்கவில்லை.

2008இல் வெளிவந்த மஜெண்டோ வணிக மென்பொருளின் வழி தனி. அதில் ஒரு பண்பின் மதிப்பை உலகப் பொதுவாகவோ, வலைத்தளத்துக்கோ, கடைத்தோற்றத்துக்கோ உரியதாக நிர்ணயிக்கலாம். எலாஸ்டிக்சர்ச்சைக் கட்டாயமாக்கிய 2020ஆம் ஆண்டின் 2.4 பதிப்பில், ஒவ்வொரு கடைத்தோற்றத்துக்கும் தனி அடைவே எழுதப்படுகிறது. மொழிக்கு ஒன்று, நாட்டுக்கு ஒன்று என்று சில தோற்றங்கள் உள்ளவர்க்கு இது சௌகரியம்; ஊர்தோறும் கிளை வைத்திருப்பவர்க்குப் பொருந்தாது.

தேடிக் கண்டதைத் திருப்பி எடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. லூசீன், காட்டுவதற்கென வைக்கும் புலங்களைச் சுருக்கி ஆவணவாரியாகச் சேமிப்பதால், ஒரு கிளையின் விலையைக் காட்ட ஆயிரம் கிளைகளின் விலையையும் விரித்துப் படிக்க நேர்கிறது. ஆகவே பெரிய ஸ்தாபனங்களில், கிளையில் சரக்கு உண்டா இல்லையா என்ற குறியையும் வரிசைக்கு வேண்டிய விலையையும் மட்டும் அடைவில் வைத்து, துல்லியமான விலையையும் இருப்பையும் பக்கம் காட்டும் தறுவாயில் வேறொரு சேமிப்பிலிருந்து எடுத்து ஒட்டுவது வழக்கம். அடைவின் குறி சற்றுப் பழையதாயின், இருப்பில்லாதவை அக்கடைசிக் கணத்தில் கழிக்கப்பட்டு, பத்து விடைகள் வரவேண்டிய பக்கத்தில் எட்டு மட்டும் வரும். அக்குறையைத் தவிர்க்க, வேண்டியதற்கு மேல் சில விடைகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கின்றனர்.