செல்லுக்கு ஊட்டிய லிட்மஸ்

வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். புளிப்பை அளக்கச் சொல்லிக் கொடுத்தே காலம் ஓடியது. பியூரெட்டிலிருந்து கடைசிச் சொட்டு விழுந்து, குடுவையில் பினாப்தலின் வெளிறிய ரோஸ் நிறம் காட்டியதும் பிள்ளைகள் "சார், வந்துடுச்சு!" என்று கத்துவார்கள். அந்த வித்தையின் வம்சாவளியில் கடைக்குட்டி, இப்போது உயிருள்ள செல்லுக்குள் ஒரு தங்கத் துகளின் மேல் குடியிருக்கிறது.

நிறமாற்றம் நம் வீடுகளுக்குப் புதிதில்லை. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்ந்தால்தான் ஆரத்தி சிவக்கும். இதைச் சோதனை முறையாக எழுதி வைத்தவர்களில் முக்கியமானவர் ராபர்ட் பாயில். வயலட் பூவின் பாகு அமிலம் பட்டால் சிவக்கும், காரம் பட்டால் பச்சையாகும் என்று 1664-இல் வந்த நூலில் சொன்னார். புளிப்புக்கு எண் கிடைத்தது 1909-இல், கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில். அங்கே வேதியியலாளர் சோரன்சன் வகுத்ததுதான் பி.எச். அளவு. ஒரு எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு ஏறும். பிறகு 1934-இல் ஆர்னால்டு பெக்மன், எலுமிச்சைச் சாற்றோடு மல்லாடிய நண்பர் ஒருவருக்காக மீட்டர் செய்து கொடுத்தார். அதன் கண்ணாடி முனையை ஊசியாக இழுத்தாலும் பெரிய செல்களில்தான் குத்த முடியும்.

புளிப்பை அளந்த வரலாற்றைக் கருவிகளின் கதையாகவே பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. செல்லின் வாயில் என்ன வைத்தார்கள் என்று பார்த்தால்தான் கதை பிடிபடும்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உயிரியலாளர் மெச்னிகாஃப் ஒருசெல் உயிரிகளுக்கு நீல லிட்மஸ் துகளை ஊட்டினார். விழுங்கிய துகள் உள்ளே சிவந்தது. அவ்வளவுதான் சோதனை. லைசோசோம் என்ற அமிலப் பையை டி டூவ் அடையாளம் கண்டது 1955-இல். ஆனால் எலியின் கல்லீரலை அரைத்துத்தான் அதைச் செய்தார். உயிரோடிருக்கும் செல்லில் அந்தப் பையின் புளிப்பை அளக்க ஓகுமாவும் பூலும் 1978-இல் மெச்னிகாஃபின் வழிக்கே வந்தார்கள். ஒளிரும் சாயத்தைச் சர்க்கரைச் சங்கிலி ஒன்றில் கோத்து எலியின் விழுங்கு செல்களுக்குக் கொடுத்தார்கள். பி.எச். 4.7, 4.8 என்று வந்தது. மலேரியா மருந்தான குளோரோகுயின் சேர்த்தால் அந்த அமிலம் தணிவதையும் பார்த்தார்கள். ஒரே குறை, வெளிச்சம் படப்பட இந்த மாதிரிச் சாயம் வெளுத்துப்போகும்.

வெளுக்காத ஒன்று வேண்டும். அதன் விதை 1928 பிப்ரவரி 28-லேயே விழுந்துவிட்டது. திருவானைக்காவலில் பிறந்த ராமனும் வத்திராயிருப்புக்காரரான கே.எஸ். கிருஷ்ணனும் கல்கத்தா பவ்பஜார் தெருக் கட்டடத்தில் கண்டது இதுதான்: மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு நிறம் மாறி வருகிறது, அந்த மாற்றம் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தனி முத்திரை. சிறு பங்கு என்றால் ஏறக்குறைய கோடியில் ஒன்று. செல்லுக்குள் தேட அது போதாது.

1974-இல் சவுத்தாம்ப்டனில் ஃப்ளைஷ்மன், ஹென்ட்ரா, மெக்குவில்லன் மூவரும் சொரசொரப்பாக்கிய வெள்ளி மின்வாயில் பிரிடின் ஒட்டவைத்து ராமன் ஒளியைப் பார்த்தார்கள். எக்கச்சக்கமாக வந்தது. பரப்பு கூடியதால் மூலக்கூறுகள் அதிகம் ஒட்டியிருக்கும் என்று விளக்கினார்கள். 1977-இல் அமெரிக்காவில் ஜான்மேர், வான் டைன் இருவரும், இங்கிலாந்தில் ஆல்பிரெக்ட், கிரைட்டன் இருவரும் தனித்தனியே கணக்குப் போட்டார்கள். பரப்பை வைத்துச் சரிக்கட்ட முடியவில்லை. லட்சம் மடங்கு பெருக்கம், அதற்கு அந்த உலோகமே காரணம். இதைப் பார்க்க ராமன் இல்லை. 1970-இலேயே காலமாகிவிட்டார்.

அந்த உலோகத்தில் புளிப்பை உணரும் மூலக்கூறு ஒன்றை ஒட்டவைக்கும் மீதி வேலை வேதியியல்காரர்களுடையது. மெர்காப்டோபென்சாயிக் அமிலத்தின் ஒரு முனையில் கந்தகம். அது தங்கத்தையும் வெள்ளியையும் விடாமல் பற்றிக்கொள்ளும். மறுமுனையில் அமிலத் தொகுதி. சுற்றிலும் புளிப்பு குறைந்தால் அது தன் புரோட்டானை விட்டுவிடும். உடனே ராமன் நிறமாலையில் (செ.மீ.⁻¹ அலகில்) 1,400 சொச்சத்தில் ஒரு கோடு உயரும். 1,076-க்கு அருகிலுள்ள பென்சீன் வளையத்தின் கோடு அதிகம் அசையாது. இரண்டையும் வகுத்தால் பி.எச். வந்துவிடும், துகள் பத்தா நூறா என்ற கவலை வேண்டாம். லிவர்மோர் ஆய்வகத்தார் 2004-இல் வெள்ளித் துகளையும், ஜானினா நைப் குழுவினர் 2007-இல் தங்கத் துகளையும் செல்லுக்குக் கொடுத்து இப்படி அளந்தார்கள். லேசரைப் புள்ளி புள்ளியாக நகர்த்தினால் செல்லின் புளிப்புக்கு வரைபடமே கிடைக்கிறது.

குறையும் உண்டு. விழுங்கிய துகள் பெரும்பாலும் விழுங்கிய பைக்குள்ளேயே கிடக்கும். வெளியே உள்ள செல் திரவத்தைப் பற்றி அது அதிகம் சொல்லாது. புரதங்கள் துகளின் மேல் படிந்து அளவைக் குழப்பவும் செய்யும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினத்தன்று ராமன் வியந்த கடலின் நீலத்தோடு பேச்சை முடித்துவிடாதீர்கள். சவுத்தாம்ப்டன் வெள்ளியையும் மெச்னிகாஃபின் லிட்மஸையும் சேர்த்துச் சொல்லுங்கள்.