தராசுக்கு எடைக்கல், உணரிக்கு விரல் ரத்தம்

ஓட்டப்பிடாரத்தில் நான் வேதியியல் நடத்திய காலத்தில் சர்க்கரைச் சோதனை என்றால் பெனடிக்ட் கரைசல்தான். சூடாக்கினால் நீலம் பச்சையாகும், மஞ்சளாகும், மிஞ்சினால் செங்கல் சிவப்பு. 1948-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கிய நாட்களில் சிறுநீரை இப்படிக் காய்ச்சித்தான் பார்த்தார்கள். அதுவும் சில மணி நேரம் முந்தைய கதை!

1962-இல் அமெரிக்காவில் லேலண்ட் கிளார்க் நொதியை மின்முனையோடு சேர்த்தார். தோலுக்கடியில் செருகும் தொடர் கண்காணிப்புக் கருவிக்கு 1999-இல் அங்கே அனுமதி கிடைத்தது. ஆனால் உணரி தருவது வெறும் மின்னோட்டம். இவ்வளவு மின்னோட்டத்துக்கு இவ்வளவு சர்க்கரை என்று விரல்நுனி ரத்தத்தை வைத்து அன்று நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. 2018-இல் அங்கே அனுமதித்த, மேற்கைக்குள் பதிக்கிற 90 நாள் உணரி ஒளிர்வை அளப்பது. அதற்கும் தினம் இரண்டு குத்தல் தப்பவில்லை.

நான் இன்சுலின் போடுகிறவன். மகள் வாங்கித் தந்த கருவியும் இரண்டு குத்தல் ரகம். போன மாதம் ஒரு ராத்திரி கருப்பட்டிக் காப்பி குடித்த கையோடு குத்தி, 210 என்று பதிந்துவிட்டேன். ரத்தத்தில் ஏறும் சர்க்கரை திசுநீருக்கு வரச் சில நிமிடங்கள் பிந்தும். உணரி அப்போது கண்டது 175 போல இருந்திருக்கும். ஐந்தை ஆறு என்று நானே பாடம் நடத்தியிருக்கிறேன்.

விடியற்காலம் மூன்று மணிக்கு வேர்த்து நடுங்கி எழுந்தேன். கருவியில் 72, விரலில் 60. அலாரம் 70-க்குக் கீழேதான் அடிக்கும். வீட்டுக்காரி சீனித்தண்ணி கலக்கித் தந்தாள்.

இப்போது காலையில் வெறும் வயிற்றிலும் ராச்சாப்பாட்டுக்கு முன்னும்தான் குத்துகிறேன்.