சிலேட்டும் மண்வெட்டியும்: பள்ளித் தோட்டத்தின் இரண்டு முகங்கள்

1919ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு சுவரொட்டி வெளிவந்தது. அந்நாட்டின் உருவகமான 'அங்கிள் சாம்' குழல் ஊதிக்கொண்டு முன்னால் போகிறார். பின்னால் தோட்டக் கருவிகளோடு பிள்ளைகள் வரிசையாகப் போகிறார்கள். வரைந்தவர் மேஜினல் ரைட் என்ரைட். கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டின் தங்கை. குழல்காரனைப் பின்தொடர்ந்து பள்ளித் தோட்டப் படையில் சேரச் சொல்லிப் பிள்ளைகளை அழைக்கும் சுவரொட்டி அது.

ஹாமெலின் நகரக் குழல்காரன் கதை நமக்கும் தெரியும். எலிகளை ஒழித்தவனுக்கு ஊர்க்காரர்கள் பேசிய கூலியைக் கொடுக்கவில்லை. அவன் மறுபடியும் குழலை எடுத்தான். இந்த முறை பின்னால் போனவை எலிகள் இல்லை, ஊர்ப் பிள்ளைகள். போனவர்கள் திரும்பி வரவில்லை. இப்படி முடிகிற ஒரு கதையை, பிள்ளைகளைத் தோட்டம் போட அழைப்பதற்கு ஓர் அரசாங்கம் எப்படித் தேர்ந்தெடுத்தது? அந்தப் படத்தை வெறும் அழகான படமாகவும் பார்த்துவிட்டுப் போகலாம். ஆனால் பள்ளித் தோட்டத்தின் வரலாற்றைக் கொஞ்சம் தோண்டினால், அந்தக் கேள்வி சும்மா வந்தது இல்லை என்று தெரியும்.

முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியது 1917இல். ஐரோப்பாவுக்கு உணவு அனுப்ப வேண்டும். பண்ணையாட்கள் போருக்குப் போகிறார்கள். நகரத்துப் பிள்ளைகளின் கைகள் சும்மா இருக்கின்றன என்று அரசாங்கம் நினைத்தது. மத்தியக் கல்விப் பணியகத்தின் கீழ் 'அமெரிக்கப் பள்ளித் தோட்டப் படை' உருவானது. 9 முதல் 15 வயது வரையுள்ள நகர, சிற்றூர்ப் பிள்ளைகள்தாம் அதன் இலக்கு. பெயரில் மட்டும் படை இல்லை. பிள்ளைகளைக் கம்பெனிகளாகப் பிரித்தார்கள். கேப்டன், லெஃப்டினன்ட் என்று பதவி கொடுத்தார்கள், சட்டையில் குத்திக்கொள்ளச் சின்னம் கொடுத்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சேர்ந்ததாக அரசாங்கம் அறிவித்தது. வீட்டுக் கொல்லை, காலி மனை, பள்ளித் திடல் என எங்கெல்லாம் மண் இருந்ததோ அங்கெல்லாம் பாத்தி கட்டினார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. போருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நாட்காட்டிதான் சிக்கல். அங்கே காய்கறித் தோட்டத்தின் முதன்மைப் பருவம் வசந்தத்தில் தொடங்கிக் கோடையில் முடியும். பள்ளிக்கு நீண்ட விடுமுறையும் அதே கோடையில்தான். மே மாதம் பிள்ளைகள் ஆசையாக நட்ட தக்காளி, ஜூலையில் காய்க்கும்போது வகுப்பறை பூட்டியிருக்கும். களை பறிக்கவும் தண்ணீர் ஊற்றவும் ஆள் இருக்காது. பள்ளித் தோட்டம் போட்ட எல்லாரும் முட்டிக்கொண்ட சுவர் இது.

இலையுதிர்காலத் தோட்டம் இந்தச் சிக்கலுக்கு ஒரு பதில். பள்ளி திறக்கும் செப்டம்பரில் விதைத்து, குளிர் இறுகுவதற்குள் அறுத்துவிடலாம். "அட, நம்ம ஊர்ல இலையுதிர்காலமே இல்லையே" என்று நீங்கள் கேட்கலாம். ஜோகூரிலும் பினாங்கிலும் வருடம் முழுக்கக் கங்குங் வளர்க்கிற நமக்கு அந்தத் தோட்டத்தின் கணக்கு கொஞ்சம் புதுசுதான். அங்கே விதைக்கிற நாளை முன்னோக்கி எண்ணுவதில்லை, பின்னோக்கி எண்ணுகிறார்கள். ஓர் ஊரில் முதல் உறைபனி அக்டோபர் 15 வாக்கில் விழும் என்று வைத்துக்கொள்வோம். முள்ளங்கிக்கு ஏறத்தாழ 30 நாள் வேண்டும். இலையுதிர்காலத்தில் பகல் நாளுக்கு நாள் சுருங்குவதால் செடி மெதுவாகத்தான் வளரும். அதற்காக இன்னொரு 14 நாள் சேர்க்க வேண்டும். மொத்தம் 44 நாள். பின்னோக்கி எண்ணினால் செப்டம்பர் 1. டர்னிப்புக்கு 55 நாள் என்றால், அதே கணக்குப்படி ஆகஸ்ட் 7ஆம் தேதியே விதைத்திருக்க வேண்டும். அப்போது பள்ளி திறந்திருக்காது. ஆகவே முள்ளங்கி வகுப்பறைக்கு, டர்னிப் வீட்டுக்கு என்று பிரிக்க வேண்டியதுதான்.

ஒன்பது வயதுப் பிள்ளை இந்தக் கணக்கைப் போட்டால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கூட்டல் கழித்தல் வருகிறது. பூமி சாய்ந்து சுற்றுவதால் பகல் சுருங்குகிறது என்கிற புவியியல் வருகிறது. உறைபனி பட்டால் அவரையும் வெள்ளரியும் கருகிவிடும், கேல் கீரையும் பசலையும் தாங்கி நிற்கும், தாங்குவதோடு இனிக்கவும் செய்யும் என்கிற தாவரவியல் வருகிறது. குளிரில் உறையாமல் இருக்க அந்தச் செடிகள் தங்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கின்றன. அக்டோபரில் பூண்டை நட்டால் அது பனிக்காலம் முழுக்க மண்ணுக்குள் கிடந்து அடுத்த கோடையில்தான் கைக்கு வரும். காத்திருப்பது என்றால் என்னவென்று பிள்ளைக்குப் புரியவைக்க இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

பள்ளித் தோட்டம் என்கிற யோசனையைப் போர் கண்டுபிடிக்கவில்லை. ஜெர்மனியில் ஃபிரீட்ரிஹ் ஃப்ரோபெல் 1840இல் தன் பள்ளிக்குக் 'கிண்டர்கார்ட்டன்' என்று பெயர் வைத்தார். 'பிள்ளைகளின் தோட்டம்' என்று பொருள். நாம் அதை ஓர் உவமையாக மட்டும் எடுத்துக்கொண்டோம். அவரோ உண்மையான தோட்டத்தையும் சேர்த்தேதான் சொன்னார். ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு சிறு பாத்தி; அதைச் சுற்றி எல்லாருக்கும் பொதுவான பாத்திகள். சொந்தப் பாத்தியில் பிள்ளை தன் இஷ்டத்துக்கு நடலாம். பொதுப் பாத்தியை எல்லாரும் சேர்ந்துதான் பார்க்க வேண்டும். தனிமனிதனும் சமூகமும் எப்படிச் சேர்ந்து வாழ்வது என்பதை அவர் பாத்தியின் வடிவத்திலேயே வைத்துவிட்டார்.

1902இல் நியூயார்க்கில் ஃபேனி கிரிஸ்கம் பார்சன்ஸ் என்ற பெண்மணி, ஏழைத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு நடுவே டிவிட் கிளின்டன் பூங்காவில் ஒரு பிள்ளைகள் பண்ணையைத் தொடங்கினார். காய்கறி விளைவிப்பது மட்டும் தன் நோக்கமில்லை என்று அவர் எழுதினார். பொதுச் சொத்தைத் தன் சொத்துபோலப் பேணுவது, நேர்மை, நீதி, உழைப்பின் மதிப்பு ஆகியவற்றைப் பாத்தி வழியாகச் சொல்லிக்கொடுக்க நினைத்தார். 1916இல் ஜான் டூயி தன் 'ஜனநாயகமும் கல்வியும்' நூலில் இதையே இன்னும் கூர்மையாகச் சொன்னார். பள்ளியில் தோட்டவேலை கற்பிப்பது பிள்ளைகளைத் தோட்டக்காரர்கள் ஆக்குவதற்காக இல்லை, பொழுதுபோக்குக்காகவும் இல்லை. மனித வரலாற்றில் வேளாண்மைக்கு இருக்கும் இடத்தை அறிவதற்கு அது ஒரு வாசல் என்பது அவர் வாதம்.

ஆனால் இந்த வாசல் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பக்கம் திறக்கவில்லை. அமெரிக்காவிலேயே கறுப்பினத்தவருக்கான டஸ்கீகி பள்ளியில் புக்கர் டி. வாஷிங்டன் உழவையும் கைத்தொழிலையும் கல்வியின் மையமாக வைத்தார். டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் 1903இல் அதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். உயர்கல்வியையும் அரசியல் உரிமையையும் ஒத்திவைத்துவிட்டுக் கருவியை மட்டும் கையில் கொடுப்பது ஓர் இனத்தைக் கீழேயே நிறுத்திவைக்கும் என்பது அவர் கவலை. வெள்ளைக்காரப் பிள்ளைக்கு உலகத்தை அறியும் வழியாக இருந்த அதே மண்வெட்டி, கறுப்பினப் பிள்ளைக்கு விதியாகிவிடலாம்.

இதே ஆண்டுகளில் மலாயாவில் என்ன நடந்தது? அமெரிக்கா போரில் இறங்கிய அதே 1917இல், ஜாவாவையும் பிலிப்பைன்ஸையும் பார்த்துவிட்டு வந்த ரிச்சர்ட் வின்ஸ்டெட் மலாய்ப் பள்ளிகள் குறித்து ஓர் அறிக்கை கொடுத்தார். தோட்டவேலையும் கூடை முடைதலும் பாடத்திட்டத்தில் இடம்பிடித்தன. இந்தக் கல்வி எதற்காக என்பதை 1920இல் தலைமைச் செயலாளர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் ஒளிக்காமல் சொன்னார். மீனவன் மகனை, உழவன் மகனை, அவன் அப்பாவைவிடக் கொஞ்சம் கெட்டிக்கார மீனவனாகவும் உழவனாகவும் ஆக்குவதே அரசாங்கத்தின் நோக்கம். தன் இடம் எது என்று அவனுக்குப் புரிய வேண்டும். டூயி 'இதற்காக இல்லை' என்று எதைச் சொன்னாரோ, சரியாக அதற்காகவேதான் இங்கே மண்வெட்டி கொடுக்கப்பட்டது.

நம் பிள்ளைகளின் கதை இன்னும் விசித்திரமானது. மலேசியத் தமிழில் 'தோட்டம்' என்றால் காய்கறித் தோட்டம் நினைவுக்கு வருவதில்லை, ரப்பர் தோட்டம்தான் வரும். 'தோட்டத்துப் புள்ளைங்க' என்றால் யாரென்று யாருக்கும் விளக்க வேண்டாம். ஃபேனி பார்சன்ஸ் நகரத்துப் பிள்ளைகளுக்குத் தோட்டத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். நம் பிள்ளைகள் பிறந்ததே தோட்டத்தில், ஆனால் அதில் ஒரு பாத்திகூட அவர்களுடையது இல்லை. 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்ட நிர்வாகங்களுக்குச் சொன்னது. வைத்தார்கள். பல இடங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். மங்கு துடைக்கவும் கட்டிப்பால் பொறுக்கவும் அம்மா அப்பாவோடு வேலைக்காட்டுக்குப் போய்விட்டு, மீந்த நேரத்தில் சிலேட்டைத் தொட்ட பிள்ளைகள் ஏராளம். அவர்களுக்கு 'உழைப்பின் மதிப்பை' யாரும் தனியாகக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. கற்பிக்க வேண்டியிருந்ததெல்லாம் எழுத்தும் கணக்கும். அதுதான் குறைவாகக் கிடைத்தது.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், 1953இல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி கொண்டுவந்த புதிய தொடக்கக் கல்வித் திட்டம் ஏன் அவ்வளவு கோபத்தைக் கிளப்பியது என்பது புரியும். அரைநாள் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில். பெரியாரும் தி.மு.க.வும் அதற்குக் 'குலக்கல்வி' என்று பெயர் சூட்டிப் போராடினார்கள். 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. கைவேலை மீது யாருக்கும் வெறுப்பில்லை. யாருடைய பிள்ளை, எந்த வேலை, எத்தனை நாளைக்கு என்று தீர்மானித்தது யார் என்பதுதான் சண்டை.

ஜப்பான்காரன் காலத்திலும் மண்வெட்டி பள்ளிக்குள் வந்தது. 1942 முதல் 1945 வரை மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அரிசி கிடைக்காமல், பள்ளித் திடல்களில் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நடச் சொன்னார்கள். அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் பாட்டும் சின்னமும் கிடைத்தன. இங்கே கிடைத்தது பசியும் பயமும். நம் தாத்தா பாட்டிகளில் சிலர் கடைசிவரை மரவள்ளிக்கிழங்கைத் தட்டில் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

விவாதம் இன்னும் முடியவில்லை. 1995இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் சமையல் கலைஞர் ஆலிஸ் வாட்டர்ஸ், ஓர் இடைநிலைப் பள்ளியில் 'உண்ணக்கூடிய பள்ளி முற்றம்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். உலகமே பாராட்டியது. 2010இல் கேட்லின் ஃபிளனகன் 'தி அட்லாண்டிக்' இதழில் அதைத் தாக்கி எழுதினார். வயலில் கூலிக்குக் கீரை பறிக்கும் புலம்பெயர் தொழிலாளியின் மகன், அந்த வாழ்க்கையிலிருந்து தப்பிக்கப் பள்ளிக்கு வருகிறான்; பள்ளி அவனைக் கீரை பறிக்க அனுப்புகிறது என்று ஒரு காட்சியை அவர் கற்பனை செய்து காட்டினார். படித்ததும் எனக்கு மேக்ஸ்வெல்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

ஆனாலும் ஃபிளனகனோடு முழுவதும் ஒத்துப்போக என்னால் முடியவில்லை. தோட்டப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இன்று அடுக்குமாடியில் வளர்கிறார்கள். பல தமிழ்ப்பள்ளிகளில் இப்போது பாத்திகள் இருக்கின்றன. நம் கதையைக் காரணம் காட்டி அந்தப் பாத்திகளை மூடச் சொன்னால், மண்ணை அறியும் உரிமையைத் தோட்ட முதலாளிக்கே நிரந்தரமாக எழுதிக் கொடுத்ததுபோல் ஆகிவிடும். பார்க்க வேண்டியது வேறு. பிள்ளை மண்வெட்டியை எடுக்கும்போது புத்தகம் திறந்திருக்கிறதா? எதை, எப்போது விதைப்பது என்ற கணக்கை அவள் போடுகிறாளா, அல்லது யாரோ போட்ட கணக்குக்கு அவள் கூலியா? விளைந்தது யார் வீட்டுக்குப் போகிறது?

காலனிய அரசாங்கத்தின் கணக்குகூட ஒரு கட்டத்தில் தப்பியது. வின்ஸ்டெட்டின் யோசனைப்படி 1922இல் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. கிராமப் பள்ளிகளுக்குத் தோட்டவேலையும் கைத்தொழிலும் தெரிந்த வாத்தியார்களை உருவாக்குவது திட்டம். அங்கே கூடை முடைந்தார்கள், நிலத்தைக் கொத்தினார்கள். கூடவே மலாய் மொழியையும் வரலாற்றையும் படித்தார்கள், எழுதினார்கள், நாட்டின் பல மூலைகளிலிருந்து வந்த ஏழை வீட்டுப் பையன்கள் ஒருவரையொருவர் சந்தித்தார்கள். அந்தக் கல்லூரியில் படித்த இப்ராஹிம் யாக்கோப்தான் 1938இல் இளம் மலாயர் சங்கத்தைத் தொடங்கி, பிரிட்டிஷ் ஆட்சி போக வேண்டும் என்று பேசினார். உழவன் மகனைக் கெட்டிக்கார உழவனாக மட்டும் நிறுத்திவைக்கப் போட்ட திட்டம் அது. மண்வெட்டியோடு புத்தகத்தையும் கொடுத்ததுதான் அந்தத் திட்டத்தைக் கவிழ்த்தது.