பாங்காக்: பெட்டகத்தில் இல்லாத டாலர்கள்

‘பாட் நாணயத்தின் மதிப்பைக் குறைக்க மாட்டோம்.’ 1997 ஜூன் 30 அன்று தாய்லாந்துப் பிரதமர் சவலித் யோங்சையுத் நாட்டுக்குத் தந்த உறுதியின் சாரம் இதுதான். அது இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. ஜூலை 2 காலை மத்திய வங்கி பாட் நாணயத்தை அதன் போக்கில் மிதக்க விட்டது.

அதுவரை ஒரு டாலருக்கு ஏறத்தாழ 25 பாட். ஆண்டுக்கணக்காக அசையாத விகிதம். 1993இல் வெளிநாட்டுக் கடனுக்கான கதவும் அகலத் திறந்தது. டாலரில் குறைந்த வட்டிக்கு வாங்கி, உள்ளூரில் அதிக வட்டிக்கு விடுவது சுலபமான தொழிலாயிற்று. கடன் கொடுத்தவர்களில் ஜப்பானிய வங்கிகளே முன்னணியில் நின்றன. பணம் அடுக்குமாடிகளாக எழுந்தது, குடிவர ஆளில்லை. 1996இல் ஏற்றுமதி தேங்கியது. 1997 பிப்ரவரியில் சோம்பிரசோங் லேண்ட் என்ற கட்டுமான நிறுவனம் வெளிநாட்டுக் கடனுக்கு வட்டி கட்டத் தவறியபோது, விவரம் தெரிந்தவர்கள் வாசலைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

மே மாதம் ஊக வணிகர்கள் பாட் நாணயத்தை விற்றுத் தள்ளினார்கள். மத்திய வங்கி டாலரை இறக்கி எதிர்த்தது, அதுவும் பெரும்பகுதி முன்பேரத்தில்: டாலர் இன்று பெட்டகத்தில்தான் இருக்கும், ஆனால் குறித்த நாளில் தந்தாக வேண்டும். அதனால் கணக்கேட்டில் கையிருப்பு 3,000 கோடி டாலருக்கு மேல் பளபளத்தது. அந்தக் கடமைகளைக் கழித்தால் மிஞ்சியது 300 கோடிக்கும் குறைவு! பின்னர் நுகூன் பிரச்சுவாப்மோ தலைமையிலான விசாரணைக் குழு இதையெல்லாம் தோண்டியெடுத்தது.

பழி முழுவதையும் ஊக வணிகர் ஜார்ஜ் சோரோஸ் தலையில் கட்டுவது அன்று வழக்கமாக இருந்தது. மலேசியப் பிரதமர் மகாதீர் அதை உரக்கவே சொன்னார். எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. குறுகிய காலக் கடன் கொடுத்த வங்கிகள் எந்தத் தாக்குதலும் நடத்தவில்லை. தவணை முடிந்ததும் புதுப்பிக்க மறுத்தன, அவ்வளவே. டாலர் கடனை நினைத்து நடுங்கிய தாய்லாந்து நிறுவனங்களும் டாலருக்காகச் சந்தைக்கு ஓடின. தாய்லாந்து உள்ளிட்ட ஐந்து ஆசிய நாடுகளுக்கு 1996இல் சுமார் 9,300 கோடி டாலர் தனியார் மூலதனம் வந்தது. மறு ஆண்டு, வந்ததைவிட 1,200 கோடி அதிகமாக வெளியேறியது.

1998 ஜனவரியில் ஒரு டாலர் 56 பாட். முடக்கப்பட்ட 58 நிதி நிறுவனங்களில் 56 திரும்பத் திறக்கவே இல்லை. ஐ.எம்.எஃப். தலைமையில் 1,720 கோடி டாலர் கடன் ஏற்பாடாகியிருந்தது. மகா புவா என்ற முதிய துறவியோ மக்களிடம் நகை நகையாகப் பொன் திரட்டி மத்திய வங்கிக்கே கொடுத்தார்.

பாங்காக்கோடு இது நிற்கவில்லை. 1997 ஆகஸ்ட் 14 அன்று இந்தோனேசியாவும் தன் ருபியா நாணயத்தை மிதக்க விட்டது.