சுரைக்காய் முதல் அச்சிட்ட எலும்பு வரை

உயிருள்ள உடலில் கத்தி வைப்பதற்கு முன் வேறொன்றில் கை பழக வேண்டும் என்னும் கருத்து இந்திய மருத்துவ மரபில் மிகப் பழையது. சுசுருத சம்ஹிதை இதற்கெனத் தனி அத்தியாயமே வகுத்துள்ளது. வெட்டிப் பழகப் பூசணி, சுரை, வெள்ளரி. கட்டுப் போட்டுப் பழகத் துணியாலான மனித உருவம். ஆயுர்வேதம் கற்ற மதுசூதன் குப்தா 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மனிதச் சவத்தை அறுத்தது இவ்வரலாற்றின் அடுத்த பெரும் திருப்பம். ஆயினும் காய்க்கும் பொம்மைக்கும் சவத்துக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. அவற்றுள் எதுவும் நாளை அறுவை மேசையில் கிடத்தப்படவிருக்கும் நோயாளியின் உடல் அன்று.

அக்குறை உயிரையே விலையாகக் கேட்கும் இடம் கழுத்தின் உச்சி. மண்டையோடும் முதலிரண்டு முள்ளெலும்புகளும் கூடும் அவ்விடத்தில், தண்டுவடமும் மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் முள்ளெலும்புத் தமனிகளும் மிக நெருங்கிச் செல்கின்றன. பிறவியிலேயே எலும்புகள் உருத்திரிந்தோ ஒட்டியோ அமைந்தவர்களிடம் தமனியும் பாதை மாறியிருக்கலாம். மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் அதுல் கோயல், லஹேரியுடன் இணைந்து, இவ்விரு முள்ளெலும்புகளையும் தகடும் திருகும் கொண்டு பிணைக்கும் முறையை 1994இல் வெளியிட்டார். அம்முறையில் திருகு செல்லும் திசை சற்றே பிசகினாலும் தமனியோ தண்டுவடமோ காயமுறும். பாடநூல் காட்டும் பொது எலும்பு இங்குப் போதாது.

குறிப்பிட்ட ஒருவரின் எலும்பைக் கைக்குக் கொணர்ந்தவை இரு கண்டுபிடிப்புகள். 1971இல் லண்டனில் முதல் நோயாளிக்குச் செய்யப்பட்ட சி.டி. ஸ்கேன், உடலை அடுக்கடுக்கான வெட்டுமுகங்களாகப் படித்தது. ஜப்பானியர் ஹிதியோ கொடாமா 1981இல் விவரித்து, அமெரிக்கர் சக் ஹல் 1984இல் காப்புரிமை கோரிய முப்பரிமாண அச்சு, பொருளை அடுக்கடுக்காக எழுப்பியது. ஒன்று பிரித்ததை மற்றொன்று கூட்டியது. ஆஸ்திரேலியாவின் பால் டர்சோவும் உடன் ஆய்வாளரும் 1999இல் இதனை முதுகெலும்பு அறுவைக்குப் பயன்படுத்தியமை குறித்து எழுதினர். 2016இல் கோயல் குழுவினர் கழுத்துச்சி அறுவைக்கு இத்தகைய மாதிரிகளின் பயனை எடுத்துரைத்தனர். திரையில் நிழலாகத் தெரிந்ததைக் கையிலெடுத்துச் சுழற்றலாம், துளையிட்டுப் பார்க்கலாம், திருகின் நீளத்தையும் சாய்வையும் முன்கூட்டியே தீர்மானிக்கலாம். பிழை நேரின் அது பிசினோடு போகும்.

எனினும் அச்சிட்ட எலும்பு முழு உண்மை அன்று. குருதிக் கசிவும் தசையின் இழுவையும் அதில் இல்லை. ஸ்கேனில் எவ்வளவு அடர்த்தியுள்ளதை எலும்பெனக் கொள்வது என்பதை ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். அவ்வரம்பு சற்று உயர்ந்தால் மெல்லிய எலும்பு மறைந்து, இல்லாத துளையொன்று மாதிரியில் தோன்றும். சிதைந்த சுவடியின் பாடத்தைத் தேர்ந்து அச்சேற்றும் பதிப்பாசிரியரின் பொறுப்பே இங்கும் உள்ளது. மாதிரியை நம்பும் மருத்துவர், அதன் பின்னுள்ள தேர்வுகளையும் அறிந்திருத்தல் வேண்டும்.