வெள்ளியில் அச்சான வண்டி: ஜாவா 250 நாணயம் குறித்துக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

செக் தேசிய வங்கி 2022இல் 500 கொருனா மதிப்பில் ஒரு வெள்ளி நாணயம் வெளியிட்டது. அதன் பொருள் ஜாவா 250 மோட்டார் சைக்கிள். நீராவி ரயில் எஞ்சின், டாட்ரா 603 கார் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வந்த நாணயம் அது. ஜாவா நிறுவனத்தை 1929இல் தொடங்கிய யானெச்செக்கை விட்டுவிட்டு, அந்த ஆலையில் பிறந்த வண்டிக்கு நாணயம் போட்டிருக்கிறார்கள்.

தேனிப் பக்கத்து ஆளுக்கு இது கொஞ்சம் புதுமைதான். முல்லைப் பெரியாறு அணை இங்கே பாசனத்துக்குத் தண்ணீர் தருகிறது. லோயர் கேம்பில் மணிமண்டபமோ அணையைக் கட்டிய பென்னிகுயிக்குக்கு. அவர் பிறந்த நாளான ஜனவரி 15ஐ ஒட்டிப் பாலார்பட்டியில் பொங்கல் வைக்கிறார்கள். செய்தவரை நினைப்பது நம் வழக்கம். செய்த பொருளுக்கு ஆயுத பூசையன்று சந்தனமும் மாலையும் உண்டு. அரசாங்கக் காசில் இடம் கிடைப்பது அரிது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

2. நாணயம்

செக் நாணயத்தின் எடை 25 கிராம், விட்டம் 40 மில்லிமீட்டர், வெள்ளி 92.5 விழுக்காடு. அதாவது 23 கிராமுக்குச் சற்றே கூடுதலான தனி வெள்ளி. நம் 100 ரூபாய் நினைவு நாணயம் பல ஆண்டுகளாக 35 கிராமில், 44 மில்லிமீட்டரில் வந்தது; பார்வைக்குப் பெரியது, ஆனால் பாதிதான் வெள்ளி, 17.5 கிராம். மீதி செம்பும் நிக்கலும் துத்தநாகமும். 2024இல் வெளியான கலைஞர் நூற்றாண்டு நாணயமும் இந்தக் கலவைதான். நகைக்கடைக்காரர் உரசிப் பார்த்து எடைக்கு மட்டும் விலை சொல்வார். முகத்தில் இருப்பது தலைவரா வண்டியா என்பது தராசுக்குத் தெரியாது. சேகரிப்பவரின் விலை வேறு. அவர் வாங்குவது அச்சின் கூர்மையையும் குறைந்த எண்ணிக்கையையும்.

செக் நாணயம் இரண்டு தரத்தில் வந்தது. சாதாரணத் தரத்தின் விளிம்பில் வரிகள் இருக்கும். கண்ணாடிப் பளபளப்புள்ள தரத்தின் வழுவழுப்பான விளிம்பில் வங்கியின் பெயரும் வெள்ளியின் தரமும் எடையும் பொறித்திருக்கும்.

3. வண்டி

ஜாவா 250 என்ற பெயருக்குப் புகழ் தேடித் தந்தது ‘பேராக்’ வண்டி. ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில், ராணுவ உற்பத்திக்குத் திருப்பிவிடப்பட்ட ஆலையில், ரகசியமாக உருவானது. யானெச்செக் 1941இலேயே இறந்துபோனார். வண்டி 1946இல் பாரிஸ் கண்காட்சியில் ஏறியதை அவர் பார்க்கவில்லை. ஆளை விட்டு வண்டியை நாணயத்தில் வைத்ததற்கு இதுவே போதுமான நியாயம் என்பது என் எண்ணம். பின்சக்கரத்துக்குச் சுருள்வில், ஒற்றைச் சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சின், அதற்கு இரண்டு புகைக்குழாய். கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்றலாம்.

நம் ஊர்க்காரர்கள் ஓட்டியது பேராக் அல்ல. மைசூரில் 1960இல் அமைந்த ஐடியல் ஜாவா ஆலை, அதற்கு அடுத்த தலைமுறை வண்டியைத்தான் செய்தது. 1973 முதல் அது யெஸ்டி. 1996இல் ஆலை மூடியது. பேராக் என்ற பெயர் 2018இல்தான் மகிந்திரா சார்ந்த கிளாசிக் லெஜண்ட்ஸ் வழியாக இந்தியாவில் அறிவிக்கப்பட்டது. சேகரிப்பாளர்கள் இவை மூன்றையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுவது கொஞ்சம் எரிச்சல் தரும்.

மைசூர் வண்டியில் ஒரு விசேஷம் உண்டு. கியர் லீவரும் கிக்கரும் ஒன்றே. உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர். பழையபடி இறக்கினால் கியர். புதிதாக ஓட்ட வருகிறவர் முதல் நாள் கிக்கரைத் தேடித் தேடிச் சலித்துப்போவார்.

4. மலைச்சாலை

போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மூன்று ஏற்றங்களும் டூ ஸ்ட்ரோக் வண்டிக்குச் சோதனை. ஏறுவதைவிட இறங்குவதே சிக்கல். இந்த எஞ்சினுக்கு ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் போகிறது. ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டு நெடுந்தூரம் கியரில் இறங்கினால் சக்கரம் எஞ்சினைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். பெட்ரோல் குறையும், கூடவே ஆயிலும் குறையும். சூடேறிய பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்வருகிறவர் வளைவுக்கு வளைவு ஆக்சிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்குவது ஸ்டைலுக்காக அல்ல. எஞ்சினும் அதிகம் இழுத்துப் பிடிக்காது. பிரேக்கை நம்பியே இறங்க வேண்டும்.

இந்த அறிவு எதையும் 40 மில்லிமீட்டர் வெள்ளியில் ஏற்ற முடியாது. நாணயம் வண்டியின் உருவத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

5. இந்தியக் காசில் வண்டி

2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி 1,000 ரூபாய் வரை நாணயம் அச்சடிக்கலாம். உருவத்தை மத்திய அரசு முடிவு செய்யும். எந்திரம் கூடாது என்ற விதி எதுவும் இல்லை. தடையாக இருப்பது பழக்கம். பெரும்பாலும் ஆளோ நிறுவனமோ ஆண்டு நிறைவு கண்டால்தான் நமக்குக் காசு. 2003இல் ரயில்வேயின் 150ஆம் ஆண்டுக்கு வந்த நாணயத்தில்கூட விளக்கேந்திய ‘போலு’ என்ற யானைக்குட்டிச் சின்னம்தான் நின்றது.

ஒருவேளை மனம் மாறினால் முதல் உரிமை கேட்பது புல்லட்டாக இருக்கும். சென்னையில் 1955இல் தொடங்கிய என்ஃபீல்ட் இந்தியா, திருவொற்றியூர் ஆலை, ராணுவச் சேவை என அதற்குச் சாட்சிகள் ஏராளம். ஆனால் புல்லட்டின் மூலம் இங்கிலாந்து. யெஸ்டியின் மூலம் செக். இரண்டுமே இரவல்தான் என்பதால் பிறப்பிடத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. என் ஓட்டு மைசூர் வண்டிக்கு. அப்படி ஒரு நாணயம் அச்சடித்தால் வண்டியின் இடப்பக்கத்தைத்தான் காட்ட வேண்டும்; அந்த ஒற்றை லீவர் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.