கிறிஸ்டியானே எஃப். (திரைப்படம்)

கிறிஸ்டியானே எஃப். 1981இல் வெளியான மேற்கு ஜெர்மானியப் படம். 1970களின் நடுப்பகுதியில் மேற்கு பெர்லினில் ஹெராயினுக்கு அடிமையான ஒரு சிறுமியின் வாழ்க்கையைச் சொல்கிறது. இயக்கம் உலி ஏடல். திரைக்கதை ஹெர்மன் வைகல்.

இது நடந்த கதை. வழக்கொன்றில் சாட்சி சொல்ல வந்த அந்தப் பெண்ணை கை ஹெர்மன், ஹோர்ஸ்ட் ரீக் என்னும் பத்திரிகையாளர்கள் சந்தித்தார்கள். சில மணி நேரப் பேட்டியாகத் தொடங்கியது மாதக்கணக்கில் நீண்டு, 1978இல் புத்தகமானது. படத்துக்கு மூலம் அதுவே.

குரோபியஸ்ஷ்டாட் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் தாயுடன் வாழும் கிறிஸ்டியானே, 'சவுண்ட்' நடனக்கூடத்தில் டெட்லெஃப் என்னும் இளைஞனைச் சந்திக்கிறாள். முதலில் மாத்திரைகள், பாடகர் டேவிட் போவியின் கச்சேரி முடிந்த இரவில் மூக்கால் உறிஞ்சும் ஹெராயின், பிறகு ஊசி. ஊசிக்குப் பணம் வேண்டும். ஸூ ரயில் நிலையத்தில் டெட்லெஃப் ஆண்களுக்கு உடலை விற்கிறான். சில காலத்தில் அவளும் அதே தொழிலுக்கு வந்துவிடுகிறாள்.

இளையோர் வேடங்களில் பெரும்பாலும் புதுமுகங்களே நடித்தார்கள். நாயகியாக நடித்த நாட்யா புருங்க்ஹோர்ஸ்டும் அப்போது பதின்வயதுச் சிறுமிதான். போதையை விட முடிவு செய்து, கிறிஸ்டியானேவும் டெட்லெஃபும் ஓர் அறையில் அடைந்து கிடந்து வாந்தியிலும் வலியிலும் துடிக்கும் காட்சிதான் படத்தின் உச்சம். கேமரா முகம் திருப்பிக்கொள்வதில்லை. தேறி வெளியே வந்தவர்கள் மறுபடி அதே ரயில் நிலையத்துக்குப் போகிறார்கள். போதையின் பிடி எப்படிப்பட்டது என்பதற்கு இதைவிட நேர்மையான விளக்கம் திரையில் அரிது.

போவி 1976 முதல் 1978 வரை பெர்லினில் வாழ்ந்தவர். படத்தில் அவராகவே தோன்றுகிறார், பாடல்களும் அவருடையவை. அப்போது அவர் பிராட்வேயில் 'தி எலிஃபன்ட் மேன்' நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்ததால், அவர் மேடையில் பாடும் காட்சிகள் நியூயார்க்கில் எடுக்கப்பட்டன. நள்ளிரவில் பிள்ளைகள் ஐரோப்பா சென்டர் வணிக வளாகத்துக்குள் கூச்சலிட்டு ஓடும் இடத்தில் இசை அவர்களுடைய மகிழ்ச்சியை மறைக்காமல் காட்டுகிறது. அது தேவையான துணிச்சல்: அந்த ஈர்ப்பு புரியாமல் அவர்கள் வீழ்ந்த கதையும் புரியாது.

குறையும் உண்டு. தந்தையின் அடி உதை, விளையாட இடமில்லாத கான்கிரீட் குடியிருப்பில் கழிந்த குழந்தைப் பருவம் எனப் புத்தகம் விரிவாகச் சொன்ன காரணங்களைப் படம் ஏறக்குறைய விட்டுவிட்டது. மீட்பையும் இறுதியில் பின்னணிக் குரலில் சில வாக்கியங்களோடு முடித்துக்கொள்கிறது.

அதே புத்தகத்தைத் தழுவி எட்டுப் பகுதிகள் கொண்ட தொடரொன்று 2021இல் அமேசானில் வெளியானது.